சீதன வீடும் சீனி வருத்தமும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பது தமிழ் வழங்கும் நாடெங்கும் கேட்கப்படும் பழமொழி. வீடும் கல்யாணமும் மனிதனின் மடியைச் சோதிக்கும் இரு பெருஞ்சுமைகள் என்பது அதன் பொருள். இப்பழமொழியில் இரண்டு காரியங்கள் சொல்லப்படுகின்றன என்பதே, கல்முனைக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்குப் பல்கலைக்கழகம் புகுந்து வெளியூர் நண்பரோடு பழகிய பின்னர்தான் விளங்கிற்று. எங்கள் ஊர்களில் அவை இரண்டல்ல, ஒன்றே. மகளுக்குக் கல்யாணம் என்றால் மகளுக்கு வீடு என்று பொருள். வீடு இல்லையேல் கல்யாணம் இல்லை. இதைத் திருப்பிச் சொன்னாலும் உண்மையே: கல்யாணம் இல்லையேல் வீடு இல்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தின் கொடுமையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

அம்பாறை மாவட்டம் 1961-ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. அதன் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊர்கள் வடக்கிலிருந்து தெற்காகத் தொடர்கின்றன. பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழர் ஊர்கள் அவற்றுக்கு இடையிடையே உள்ளன. கிழக்கே கடல்; மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் இத்தனை ஊர்களும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஓர் ஊரின் கடைசி வேலியும் அடுத்த ஊரின் முதல் வேலியும் பல இடங்களில் ஒரே வேலிதான். இங்கே மனைக்காணி பொன்னுக்கு நிகரானது என்று சொன்னால் அது மிகையன்று.

இக்கரையில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் சமயத்தால் வேறுபட்டவர்கள். ஆனால் வீட்டைப் பற்றிய வழக்கத்தில் ஒன்றுபட்டவர்கள். இரு சாராரிடத்தும் தாய்வழிக் குடிமுறை உண்டு. மகளுக்கு மணம் பேசுமுன் பெற்றோர் வீடு கட்டுவர். மணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். பெற்றோர் தாம் குடியிருந்த வீட்டையே மூத்த மகளுக்கு விட்டுக்கொடுத்து, அதே வளவில் சிறு குடிலொன்றை அமைத்துக்கொண்டு, இரண்டாம் மகளுக்கு அடுத்த வீட்டின் அத்திவாரத்தைத் தொடங்குவதும் உண்டு. 1969-ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றுப் பகுதியில் ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இவ்வழக்கத்தை விரிவாக ஆராய்ந்து 2008-இல் பெரும் நூலொன்றை வெளியிட்டிருக்கிறார். அவர் வந்து எழுதுவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே எங்கள் மூதாட்டிகள் இதை வாழ்ந்து காட்டியிருந்தனர்.

இவ்வழக்கம் சட்டத்தின் கண்ணில் பட்ட வரலாறும் சுவையானது. மட்டக்களப்புப் பிரதேசத்து முக்குவரின் தாய்வழி உரிமை முறையைத் தொகுத்து, கிறிஸ்தோபர் பிரிற்றோ என்பவர் 1876-ஆம் ஆண்டு கொழும்பில் நூலாக்கினார். அதே ஆண்டில் பிரித்தானிய அரசு கொண்டுவந்த திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் அம்முறை நீதிமன்றத்தில் நிற்கும் வலுவை இழந்தது. நூல் அச்சேறிய ஆண்டே சட்டம் சாய்ந்த ஆண்டாயிற்று. ஆயினும் வழக்கம் சாகவில்லை. அது சீதனத்தின் வடிவில் உயிர் தரித்தது. முஸ்லிம்களுக்கோ மார்க்கச் சட்டம் தனியே உண்டு. தகப்பனின் மரணத்தின்பின் மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்குமாகச் சொத்துப் பிரியும். ஆனால் தகப்பன் உயிரோடிருக்கையில் மனமுவந்து கொடுக்கும் நன்கொடைக்கு அந்தப் பங்குக் கணக்கு இல்லை. எங்கள் முன்னோர் இந்த வாசலைக் கண்டுகொண்டனர். வீட்டை மகளின் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைப் பங்கிட வைத்தனர். மார்க்கத்தையும் மீறாமல் மரபையும் கைவிடாமல் நடந்த அவர்களின் சாதுரியம் வியக்கத்தக்கதே.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. பெண்ணொருத்தி மணமாகிச் சில ஆண்டுகளில் தீராத நோயில் விழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். உலகின் பல பகுதிகளில் அவள் கணவன் வீட்டில் வேண்டாத சுமையாவாள். பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்பப்படுவாள். எங்கள் கரையில் அவளை யாரும் வெளியேற்ற முடியாது. ஏனெனில் வீடு அவளுடையது. மணம் முறிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டுபவன் ஆண். அடுத்த வளவில் தாய். அதற்கடுத்த வளவில் சகோதரி. கஞ்சி காய்ச்சவும் மருந்து எடுத்துக் கொடுக்கவும் கூப்பிடு தூரத்தில் ஆட்கள் உண்டு. எந்த அரசாங்கமும் திட்டமிடாமலே, நீண்டகால நோயாளிக்கு ஒரு காப்பகத்தை இவ்வழக்கம் அமைத்துக் கொடுத்திருந்தது.

ஆனால் இந்தக் காப்பகத்தின் கதவு கல்யாணம் என்ற ஒரே திறப்பால்தான் திறக்கும். கல்யாணத்துக்கு முன்பே நோய் வந்துவிட்டால்?

என் உம்மாவின் தங்கை, என் சாச்சி, தமது பதின்மூன்றாம் வயதில் சீனி வருத்தத்துக்கு ஆளானார். முதியவர்க்கு வரும் நீரிழிவன்று அது. உடல் இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை. ஊசி மருந்து இல்லையேல் நாட்கணக்கில் உயிர் போய்விடும். 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் மெலிந்து மடிவதைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. விஞ்ஞானத்தின் அந்த வெற்றி அறுபது ஆண்டுகளின் பின் எங்கள் ஊர்ச் சிறுமி ஒருத்தியின் உயிரையும் காத்தது. உயிரைக் காத்தது, வீட்டைத் தரவில்லை.

கைத்தறியில் நெய்து பிழைத்த என் பாட்டனார், மூத்தவளான என் உம்மாவுக்குக் கல்வீடு கட்டி முடித்த கையோடு, அதே வளவின் வடபுறத்தில் சாச்சிக்கும் அத்திவாரம் போட்டார். மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள் ஊசிக் கதையைக் கேட்டதும் எழுந்து போயினர். ஒருவரல்லர், மூவர். வரப்போகும் மருமகனுக்காகவே கட்டப்படும் வீடு, மருமகன் வராதபோது யாருக்காக எழும்பும்? அத்திவாரம் அத்திவாரமாகவே நின்றது. அதன்மேல் நாங்கள் சிறுவர்கள் ஓடி விளையாடினோம். அதைச் சாச்சியின் வீடு என்றே அழைத்தோம். அதில் கேலி எதுவும் இல்லை. எங்களுக்கு அது உண்மையிலேயே வீடாகத்தான் இருந்தது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத அந்நாளில் சாச்சி தம் மருந்துப் போத்தலைக் காத்த முறை என் கண்ணில் இன்றும் நிற்கிறது. பெரிய மண்சட்டியில் ஈரமணல்; அதன் நடுவே சிறிய சட்டி; அதற்குள் போத்தல்; மேலே நனைத்த சாக்கு. ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி தங்கும். வெயில் படாத மூலை ஒன்று, சிறுவர் கை எட்டாத இடம் ஒன்று, மணலை நனைக்கத் தண்ணீர், வேளை தவறாத சோறு, இரவில் பலமுறை எழுந்து செல்ல அண்மையில் ஒரு மலகூடம்: இவ்வளவும் சேர்ந்தாலே அந்த ஊசி மருந்து மருந்தாகும். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான் வீடு. உம்மாவின் குசினிப் பக்கத்து மூலையில் சாச்சிக்கு அவை கிடைத்தன. கிடைத்தவை யாவும் சகோதரியின் தயவு, உரிமை அன்று.

வழக்கத்தின் குறையை நான் சொல்வது அதை இகழ்வதற்கன்று. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் சமுதாயம் பெண்ணை மதிக்கும் சமுதாயமே. ஆனால் அந்த வீட்டை எழுப்பும் செலவில் தகப்பன்மார் கடனில் மூழ்குகின்றனர். சகோதரர்கள் தங்கள் இளமையைச் சவூதியிலும் கத்தாரிலும் கழிக்கின்றனர். மணமகன் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்ற மார்க்கக் கடமை பெயரளவில் நிற்க, பெண்வீட்டார் எல்லாவற்றையும் கொடுக்கும் தலைகீழ் நிலை வேரூன்றிவிட்டது. இதைக் கண்டிக்கும் குரல்கள் ஊருக்குள்ளிருந்தே எழுந்திருக்கின்றன. அக்குரல்களோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: மணமாகாத மகளும் மகளே, அவளுக்கும் கூரை வேண்டும்.

வழக்கம் இவ்வாறிருக்க, அரசு எவ்வாறிருந்தது? 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியை மக்களுக்கு அனுமதிப்பத்திரத்தின் மூலம் வழங்க வழி செய்தது. நிலமற்றோர்க்கு நிலம் என்ற அதன் நோக்கம் உயர்ந்ததே. ஆனால் அனுமதிப்பத்திரம் பெற்றவர் வாரிசு நியமிக்காமல் இறந்தால் காணி யாருக்கு என்று வகுத்த அட்டவணையில் ஆண்மக்கள் முன்னே நின்றனர். பெண்மக்கள் பின்னே நிறுத்தப்பட்டனர். 1949-இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. நாம் பட்டிப்பளை ஆறு என்றழைக்கும் நதி மறிக்கப்பட்டு, உள்நாட்டில் குடியேற்றங்கள் எழுந்தன. அங்கே வீடும் வயலும் குடியேற்றவாசியான ஆணின் பெயரிலேயே எழுதப்பட்டன. மணற்கரையில் வீடு பெண்ணுக்கு. சில மைல் மேற்கே அரச காகிதத்தில் வீடு ஆணுக்கு. இரு வேறு உலகங்கள் பக்கம் பக்கமாக வளர்ந்தன. அவை நேருக்கு நேர் மோதும் நாள் வருமென்று அன்று யாரும் எண்ணவில்லை.

2004 டிசம்பர் 26 காலை அந்த நாள் கடல் வழியாக வந்தது. இலங்கையில் இறந்தோரும் காணாமற் போனோருமாக 35,000 பேருக்கு மேல். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல். நாட்டின் எந்த மாவட்டமும் அவ்வளவு உயிர்களை இழக்கவில்லை. 1978 நவம்பர் 23-ஆம் திகதிய சூறாவளியைக் கண்ட முதியவர்கள்கூட, அன்று கூரைதான் போயிற்று, இன்று மண்ணே போயிற்று என்று அழுதனர். எங்கள் வளவில் கல்வீடு சரிந்தது. சாச்சியின் அத்திவாரத்தின் மேல் மூன்றடி மணல் மூடிற்று. அவரது மண்சட்டி எங்கே போயிற்றென்று யார் தேடுவது? பாடசாலைக் கட்டடம் ஒன்றில் நாங்கள் ஒதுங்கியிருந்த முதலிரு நாட்களும் சாச்சிக்கு ஊசி மருந்து இல்லை. மூன்றாம் நாள், மயங்கிய நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பிழைத்தார். இடிபாடுகளில் மிதித்துக் காலில் பட்ட புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. சீனி வருத்தக்காரரின் காற்புண் ஏனையோர் புண்ணைப்போல் ஆறுவதன்று. வலது காலின் இரு விரல்களை அது கொண்டுபோயிற்று.

அடுத்து வந்தது எல்லைக்கோடு. கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டலாகாதென்று அரசு விலக்கு வலயம் வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். எங்கள் ஒடுங்கிய கரையில் 200 மீற்றர் என்பது வெறும் எண்ணன்று. தெருக்கள் பலவற்றின் அழிவு. பின்னர் அக்கோடு தளர்த்தப்பட்டது. எங்கள் பகுதியில் அது 65 மீற்றராகச் சுருங்கிற்று. மருதமுனையின் மேற்கே, மேட்டுவட்டையில் எழுந்த குடியிருப்பை ஊரார் இன்றும் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்றே அழைக்கின்றனர். வட்டை என்றால் வயல். நெல் விளைந்த நிலத்தை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்ட நேர்ந்த துயரம் அப்பெயரிலேயே இருக்கிறது. அக்கரைப்பற்றையடுத்த நுரைச்சோலையிலோ சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் எழுந்தன. பங்கீட்டைப் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. நாட்டின் இன விகிதப்படி அவற்றைப் பகிர வேண்டுமென்று 2009-இல் தீர்ப்பாயிற்று. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக அவ்வீடுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. வீடற்ற மனிதரும் மனிதரற்ற வீடுகளும் ஒரே பிரதேசத்தில் ஒரே காலத்தில் இருந்தமை வரலாற்றின் குரூரமான நகைச்சுவை.

புதிய வீடுகள் வழங்கப்பட்டபோதுதான் முன்சொன்ன இரு உலகங்களும் மோதின. அரச படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்றொரு கட்டம் இருந்தது. அதில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. கடல் கொண்ட வீடு மனைவியுடையது. அதற்கு ஈடாகக் கிடைத்த வீடு கணவனுடையது! எந்தச் சட்டசபையிலும் விவாதிக்கப்படாமல், எந்தப் பள்ளிவாசலிலும் ஆலோசிக்கப்படாமல், தலைமுறை தலைமுறையாக வந்த பெண்ணுரிமை ஒரு படிவத்தின் கட்டத்தில் பலருக்குக் கரைந்து போயிற்று. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. இருவர் பெயரிலும் கூட்டுரிமை கேட்டன. அரச காணியைக் கூட்டாக வழங்கச் சட்டத்தில் இடமில்லை என்ற பதிலே பெரும்பாலும் கிடைத்தது.

மனைவிமார் நிலை இதுவானால் மணமாகாத நோயாளியின் நிலை என்ன? சாச்சி தமக்கும் ஒரு வீடு கேட்டு விண்ணப்பித்தார். மனுவை எழுதிக் கொடுத்தவன் அப்போது பதினான்கு வயது மாணவனாயிருந்த நான். அலுவலர் கடுமையாகப் பேசவில்லை; அன்பாகவே கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் எந்தக் குடும்பம்?" அக்காவின் குடும்பம் என்றார் சாச்சி. "அப்படியானால் அக்காவுக்குக் கொடுத்தாயிற்று" என்றார் அவர். தனி ஆளைக் குடும்பமாக எண்ண அவர் கையிலிருந்த விதியில் இடமில்லை. கேட்டுவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் சாச்சி பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "நான் என்னத்தில சேர்த்தி மகன்?" என்று கேட்டார். ஆசிரியனாகிப் பத்தாண்டு கடந்த பின்னும் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

புதிய வீடு காகிதத்தில் வாப்பாவின் பெயரில் இருக்கிறது; வாய்ச்சொல்லில் அது என் தங்கையின் சீதன வீடு. தங்கைக்குப் பிள்ளைகள் பிறந்ததும், சாச்சியின் இடம் குசினிக்குப் பின்னால் தகரம் அடித்த சாய்ப்புக்கு மாறிற்று. நீங்கள் அவரை அழைத்து வைத்துக்கொள்ளலாமே என்று வாசகர் கேட்பது நியாயம். நானும் எங்கள் ஊர் ஆண்மகன்தானே! மணமாகி மனைவியின் வீட்டில் வாழ்பவன். அந்த வீடு என்னுடையதன்று. நோயுற்ற மனைவியைக் காக்கும் அதே வழக்கம்தான், நோயுற்ற சாச்சியை நான் அழைத்துவரத் தடையாயும் நிற்கிறது. இதில் யாரைக் குறை சொல்வது?

இது ஒரு குடும்பத்தின் கதையென்று ஒதுக்கிவிட முடியாது. இலங்கையில் வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென்று 2005–2006 ஆண்டுக் காலத்து ஆய்வு கண்டது. அதன்பின் அத்தொகை ஏறியதேயன்றி இறங்கவில்லை. நீரிழிவு நீடித்தால் பலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு வீட்டிலிருந்தே செய்யும் சிகிச்சை ஒன்றுண்டு. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஏறத்தாழ இரண்டு லீற்றர் திரவத்தை உட்செலுத்தி, சில மணி நேரத்தின் பின் வெளியேற்றி, நாளுக்கு நான்கு முறை மாற்ற வேண்டும். கதவையும் சன்னலையும் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிச் செய்ய வேண்டிய காரியம் அது. தூசி படிந்தால் வயிற்றறையில் கிருமி தொற்றி உயிருக்கே கேடாகும். ஆகவே அச்சிகிச்சையைத் தொடங்குமுன் வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று: "உங்கள் வீட்டில் தனி அறை உண்டா?" தகரச் சாய்ப்பில் வாழ்பவர் என்ன பதில் சொல்வார்? இலவச வைத்தியம் பெற்ற நாடு நமது. ஆனால் மருந்தை இலவசமாகக் கொடுத்து, அம்மருந்தை வைக்க ஒரு மூலையைக் கொடுக்காவிட்டால், கொடுத்ததில் பாதி வீணாகும்.

இந்த உண்மையை உலகம் அறியாததன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல், சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அனெய்ரின் பெவன் பிரித்தானியாவின் சுகாதார அமைச்சரானார். 1948-இல் மக்கள் அனைவர்க்கும் இலவச மருத்துவச் சேவையைத் தொடங்கி வைத்தவர் அவரே. அவருடைய அமைச்சின் பொறுப்பில் அன்று வீடமைப்பும் இருந்தது. ஈரச்சுவரும் இருட்டறையும் காசநோயை வளர்க்கின்றன என்பதைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. மருந்தையும் கூரையையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியதில் வியப்பில்லை. நம் நாடும் வீட்டைப் பற்றிச் சிந்திக்காத நாடன்று. 1973-இல் வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு விதித்தோம். 1980-களில் பத்து இலட்சம் வீடுகள் என்ற திட்டத்தைத் தொடங்கினோம். வீடற்றோர்க்கான உலக ஆண்டாக 1987-ஐ ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததற்கு இலங்கையின் முன்மொழிவே காரணம். 1935-இன் சட்டமும் மாறாத கல்லன்று. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், வாரிசு வரிசையில் மகனுக்கிருந்த முன்னுரிமை நீக்கப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள் பிடித்தன, எனினும் மாறிற்று.

எனவே கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேட்போம். மணமானவரோ ஆகாதவரோ, நீண்டகால நோயோடு வாழும் ஒவ்வொருவரையும் வீட்டுத்திட்டத்தில் தனிக் குடும்பமாக எண்ண வேண்டும். படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற கட்டம் ஒழிந்து, குடியிருப்போர் அனைவரின் பெயருக்கும் இடம் வேண்டும். இவை அரசிடம் கேட்பவை. நம்மிடமே கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. மகளுக்கு வீடு கொடுப்பது நம் பெருமை. அப்பெருமையை மருமகனின் வருகையோடு முடிச்சுப் போட்டது யார்? மார்க்கம் போடவில்லை, தகப்பன் உயிரோடிருக்கையில் கொடுக்கும் நன்கொடைக்கு மாப்பிள்ளை ஒருவர் வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முன்னோர் தம் காலத்தில் ஒரு வாசலைக் கண்டுபிடித்தார்கள். அதே வாசல் வழியாக நோயுற்ற மகளுக்கும் ஓர் அறையையாவது உறுதி எழுதிக் கொடுப்பதை நாம் தொடங்க முடியாதா?

சாச்சி இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். ஊசி மருந்து இப்போது தங்கையின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது, மண்சட்டி தேவையில்லை. பழைய வளவு எல்லைக்கோட்டுக்கு அப்பால் வெறுமையாகக் கிடக்கிறது. சென்ற நோன்புப் பெருநாளன்று அவரை அங்கே அழைத்துச் சென்றேன். காற்று மணலை வாரிச் சென்று, அத்திவாரத்தின் ஒரு மூலைக் கல் வெளியே தெரிந்தது. கையூன்றி மெல்ல அதன்மேல் அமர்ந்த சாச்சி, "இதுதான் மகன் வாசல் வரவேண்டிய இடம், கிழக்குப் பார்த்த வாசல்" என்றார். பின்னர் அறை எங்கே, குசினி எங்கே, கிணறு எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நாற்பது ஆண்டுகளாக ஓர் அளவுகூட அவருக்கு மறக்கவில்லை.